கைகள் மட்டும் தெரிகிற யன்னல்

1

கனடாவில், மில்லிக்கன் என்ற இடத்தில், ஸ்டீல்ஸ் வீதியோரமாக ஒரு பிளாசா. அங்கே ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு பீட்சாக் கடைக்கும் நடுவில் ஒரு ஜப்பானிய உணவகம் இருக்கிறது. அதற்கு இந்தக் கிழமை ஒரு வயது. அதைக் கீறியவள் நான். சுவர், கூரை, கதிரை, கதவுப்பிடி, கழிவறைக் கண்ணாடிக்கு மேலே எரிகிற சின்ன விளக்கு, எல்லாம் என் கணினியில் கோடாக இருந்து பிறகு பொருளானவை.

அந்தப் பெருமையில் படம் ஒன்றை முகநூலில் போட்டேன். யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த சிநேகிதி உடனே குரல் செய்தி அனுப்பினாள்.

"உங்கை போய் இவ்வளவு படிச்சுப்போட்டுக் கடைசியிலை ஜப்பான்காரன்ரை சாப்பாட்டுக் கடைக்கோ சோடினை செய்யிறாய்? எங்கடை ஆக்களுக்கு ஒண்டும் செய்ய மாட்டியோடி?"

பின்னால் அவளுடைய குழந்தை கத்துவது கேட்டது. குழந்தை கத்துகிற வீட்டில் இருந்துகொண்டு என்னைத் திட்ட நேரம் எடுத்திருக்கிறாள் என்றால் உண்மையாகவே கோபம்தான். பதில் அனுப்ப இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் அழித்தேன். இது குரல் செய்திக்குள் அடங்காது. இப்படிக் கேட்பவள் அவள் மட்டுமில்லை என்பதால் எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்தக் கடை ஜப்பான்காரருடையது இல்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்த அன்ரனுடையது. அடுத்தது, சோடினை என்ற அந்தச் சொல். சோடினை கலியாண மண்டபத்துக்குச் செய்வது. ஒரு மனிதன் எங்கே நிற்க வேண்டும், அவனை யார் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. இந்தக் கடையில் அந்த ஒரு கேள்விக்காகவே எல்லாச் சண்டையும் நடந்தது.

2

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கல்லூரியில். கனடாவுக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாக் கட்டடமும் ஒன்றுபோலவே தெரிந்தது: வெளியே பனி, உள்ளே ஹீற்றர். உள்ளக வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்த பிறகு, வகுப்புப் பெட்டைகளோடு ஒருநாள் நகரத்தின் நடுவில் உள்ள ஒரு ஜப்பானிய உணவகத்துக்குப் போனேன். வாசலில் ஒரு துணி தொங்கியது. குனிந்துதான் போகலாம். குனிந்து நிமிர்ந்தால் முன்னால் கடை இல்லை, ஒரு சுவரும் ஒரு கல்லும். திரும்பினால்தான் கடை. கதிரைக்கு மேலே கூரை தாழ்ந்திருந்தது. மரத்துக்கு வார்னிஷ் இல்லை, தடவினால் மரம் மாதிரியே இருந்தது. ஒரு கதவும் ஒரு துணியும் கொஞ்சம் மரமும் சேர்ந்து என்னை மெதுவாக நடக்க வைத்துவிட்டன. நான் மெதுவாக நடப்பவளே இல்லை.

அதற்குப் பிறகு பகுதிநேர வேலைச் சம்பளத்தில் ஊரில் உள்ள ஜப்பானியக் கடைகளுக்கெல்லாம் போவேன். வாங்குவது ஒரு சூப். அதைக் குடித்து முடிப்பதற்குள் மேசையின் உயரத்தைச் சாணால் அளந்துவிடுவேன். சாப்பிடுகிற குச்சியை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு, மேசைக் கால் எப்படிப் பூட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். ஒருநாள் அம்மாவையும் கூட்டிப் போனேன். அம்மா கேட்டா: "சூப்பைக் குடிச்சுப்போட்டு மேசைக்குக் கீழை என்னத்தைத் தேடுறாய்? மானம் போகுது, எழும்படி."

ஆங்கிலமும் என்னைவிட்டு அடிக்கடி நழுவும். வகுப்பில் என் முதல் மாதிரியைக் காட்டும்போது இருட்டாக இருந்தது. லைற்றைப் போடுங்கோ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பாவம், ஆசிரியர் மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு நின்று எங்கே போடுவது என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளை யோசித்துப் பார். ரவுணில் அப்பா எங்களைக் கூட்டிப் போகும் கடையில் ஒட்டுப்பலகையால் அடைத்த 'குடும்ப அறைகள்' இருக்கும். திரையை இழுத்துவிட்டு உள்ளே இருந்து சாப்பிடுவோம். சமைப்பவரை நாங்கள் கண்டதில்லை, அவரும் எங்களைக் கண்டதில்லை. பரிமாறுகிறவரின் கை மட்டும் திரைக்குள்ளால் வரும். கொத்துரொட்டிக்காரர் மட்டும் வேறு ரகம். கடை வாசலில், தெருவைப் பார்த்துக்கொண்டு, ரொட்டி கொத்துகிற இரண்டு தகட்டாலும் தாளம் போட்டபடி, வியர்வை வழிய, ராசா மாதிரி நிற்பார். போகிற வருகிற எல்லாரோடும் கதை. கடையின் முகமே அவர்தான்.

சிநேகிதி, இதை ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் கொத்துக்காரரைப் பிறகு நான் ஒரு வாக்குவாதத்துக்கு இழுக்கப் போகிறேன்.

3

அன்ரன் அங்கிளை அம்மா மூலமாகத்தான் தெரியும். அவருடைய மனைவி ஜெசி அன்ரியும் அம்மாவும் ஒரே பாண் தொழிற்சாலையில் வேலை. அங்கிள் பெடியனாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் கூட்டாளிமாரோடு இருந்துகொண்டு, அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள ஜப்பானிய உணவகம் ஒன்றில் கோப்பை கழுவப் போனவர். கோப்பையில் இருந்து சோற்றுக்கு, சோற்றில் இருந்து மீனுக்கு. தலை நரைக்கும்வரை அங்கே மீன் வெட்டினார். சனம் புகழ்ந்த மீன் எல்லாம் அவர் கைபட்டது.

ஆனால் அவரை யாரும் பார்த்ததில்லை. முன்னால் கவுண்டர், அங்கே ஜப்பானியக் கடைக்குப் பொருத்தமான முகம் உள்ள பெடியன்கள் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் சுவர். சுவரில் ஒரு நீளமான யன்னல், அதில் பாதிவரை நீலத் துணி. துணிக்குக் கீழே கையுறை போட்ட கைகள் மட்டும் தெரியும். கடையின் பெயர் தேவையில்லை. இந்த நகரத்தில் அப்படி யன்னல்கள் பல, அவற்றுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் பல பேர்.

அவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கடைக்கு லீஸ் எழுதியபோது, ஜெசி அன்ரிதான் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தா. எங்கள் சாப்பாட்டு மேசையில், வழக்கறிஞரிடம் வாக்குமூலம் கொடுப்பவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

"பிள்ளை, விளங்கச் சொல்லுறன். முன்னுக்கு ஒரு கவுண்டர். அதுக்குப் பின்னாலை ஒரு சுவர். சுவரிலை ஒரு நீட்டு யன்னல். என்ரை நெஞ்சு மட்டத்துக்குத் துணி வரவேணும்."

"ஏன் அங்கிள் துணி?"

"ஏனோ? என்ரை மூஞ்சையைப் பார்."

"மூஞ்சைக்கு என்ன குறை? நான் கட்டேல்லையே?" என்றா ஜெசி அன்ரி.

"நீ கட்டினது உன்ரை கொப்பர் சொன்னதாலை."

அம்மா தேத்தண்ணி வைக்க எழும்புகிற சாட்டில் குசினிக்குள் போய்ச் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. "அப்ப முன்னுக்கு ஆர் நிக்கிறது?" என்று கேட்டேன்.

"ஷெரினோடை படிக்கிற கொரியன் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். வாட்டசாட்டமான பெடியன்."

"அவனுக்கு மீன் வெட்டத் தெரியுமோ?"

"தெரியாது. நிக்கத் தெரியும்."

4

ஷெரின் அவர்களுடைய மகள். இங்கே பிறந்தவள், பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். தமிழ் விளங்கும். பேசத் தொடங்கினால் பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று கூட்டாளிகள் கேட்டால் 'ரெஸ்ரோறன்ற் பிஸ்னஸ்' என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாளாம். சுவர் யோசனையும் கொரியன் பெடியன் யோசனையும் அவளுடையவை என்று பிறகுதான் தெரிந்தது.

வெறுங்கடையை அளக்கப் போன அன்று அவளும் வந்திருந்தாள். நான் கொத்துக்காரரை இழுத்தது அங்கேதான்.

"அங்கிள், யாழ்ப்பாணத்திலை கொத்துப் போடுறவர் எங்கை நிக்கிறவர்?"

"வாசல்லை."

"ஏன் வாசல்லை?"

"சத்தம் கேட்டால்தானே சனம் வரும்."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? கொத்துக்காரன் தமிழன் எண்டு ஆரும் எழும்பிப் போறேல்லை. இது அப்பிடியில்லைப் பிள்ளை. இஞ்சை சனம் முதல் ஆளைப் பாக்கும், பிறகுதான் மீனைப் பாக்கும்."

"அக்கா, யூ டோன்ற் கெற் இற்," என்று ஷெரின் இடையில் புகுந்தாள். "ரிவ்யூவிலை எழுதுவாங்கள், நொற் ஓதென்ரிக், உண்மையான ஜப்பான் சாப்பாடு இல்லை எண்டு. ஃபோட்டோவும் போடுவாங்கள். அப்பாவைப் பார்த்து ஆரும் சிரிச்சால், ஐ கான்ற். என்னாலை ஏலாது."

அவள் அப்பாவைக் குறித்து வெட்கப்படுகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அவள் காவல் நின்றிருக்கிறாள். அது விளங்கியபோது எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அப்பாவைக் காப்பாற்ற ஒரே வழி அவரை ஒளித்துவைப்பதுதான் என்று முடிவு கட்டியிருக்கிறது. இதற்கா நாங்கள் எல்லாரும் இவ்வளவு தூரம் வந்தோம்?

வீட்டுக்கு வந்து கீறத் தொடங்கினேன். மூங்கில் வேண்டாம், காகித விளக்கு வேண்டாம், சுவர் நிறையப் பூ மரம் வேண்டாம். இவையெல்லாம் கடையில் வாங்குகிற ஜப்பான். எனக்குப் பிடித்த ஜப்பானியக் கடைகளின் உயிர் வேறொன்றில் இருக்கிறது: சமைக்கிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் ஒரு பலகை மட்டுமே. ஒருவர் நிற்கிறார், மற்றவர் இருக்கிறார். ஆனாலும் கண்ணும் கண்ணும் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும். அதற்காக அங்கே சமைக்கிறவர் நிற்கிற பக்கத்து நிலத்தைத் தாழ்த்துவார்கள். பிளாசாவின் கொங்கிறீற்றை என்னால் தோண்ட முடியாது. அதனால் சாப்பிடுகிறவர்களின் நிலத்தை ஒரு படி உயர்த்தினேன். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டேன், சட்டம் கேட்டது, கேட்காவிட்டாலும் போட்டிருப்பேன். பலகைக்கு மேலே தாழ்வாக ஒரே ஒரு விளக்கு. அது மீனிலும் கையிலும் மட்டும் விழும், மற்றதெல்லாம் மெல்லிய நிழல். நல்ல கடைகளில் நான் பார்த்துப் பார்த்துப் பழகிய வெளிச்சம் அது. மூலையில் ஒரு மாடம், ஒரு பூங்கிளை வைக்க.

சுவர் இல்லை.

அங்கிள் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு," என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நகரசபைக்கு அனுப்பினேன்.

இந்த இடத்தில்தான் நான் இன்னும் வளரவில்லை என்று அம்மா சொல்லுவா. எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். வடிவாத்தான் கிடக்கு என்பார்கள். பிறகு போய்ச் சுவரை எழுப்பிவிடுவார்கள்.

5

நகரசபை தன் பாட்டுக்கு நேரம் எடுத்தது. சரிவுப் பாதையின் சாய்வு போதாது என்று வரைபடம் திரும்பி வந்தது. திருத்தினேன். கைகழுவும் தொட்டி எங்கே என்று வந்தது. காட்டினேன். காட்டிய தொட்டி போதாது என்று வந்தது. இன்னொன்று போட்டேன். பகலில் நான் மிசிசாகாவில் ஒரு நிறுவனத்தில் பல் வைத்தியசாலைகளாகக் கீறித் தள்ளுகிறவள், மாலையில் நகரசபைக்குத் தொட்டி கீறினேன். மாகாணப் பரீட்சை எழுதி, என் பெயரிலேயே வரைபடம் கொடுக்கிற உரிமையை அப்போதுதான் வாங்கியிருந்தேன். அந்தத் திமிரில் களைப்பே தெரியவில்லை.

அனுமதி வந்து, நிலம் உயர்த்தி, கவுண்டர் வைத்து, எல்லாம் நேர்த்தியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை நகரசபை இன்ஸ்பெக்டர் ஃபோன் எடுத்தா. நிதானமான மனுசி. கவுண்டருக்குப் பின்னால் சுவருக்கான இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன, வரைபடத்தில் அப்படி ஒரு சுவர் இல்லை, ஒன்றில் கழற்றுங்கள், அல்லது திருத்திய வரைபடம் தாருங்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த பரிசோதனை என்றா. அவ்வளவுதான். அவவிடம் ஒரு பிழையும் இல்லை.

வேலை முடிந்ததும் மிசிசாகாவில் இருந்து அந்த நெரிசலுக்குள் ஓடிப் போனேன். நிலத்தில் இருந்து கூரைவரை சட்டங்கள் வரிசையாக நின்றன. அங்கிளும் அவற்றின் பின்னால் நின்றார்.

"பிள்ளை, ஒரு கோடு. ஒரு கோடு கீறித் தந்தால் அலுவல் முடிஞ்சுது."

"கீற மாட்டன்."

"என்ன?"

"என்ரை கையாலை கீற மாட்டன் அங்கிள்."

"இது ஆற்றை கடை?"

"உங்கடை. அதாலைதான் கேக்கிறன். உங்கடை கடையிலையே நீங்கள் ஏன் ஒளிக்கிறியள்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "உனக்கென்ன பிள்ளை," என்றார். "இந்தக் கடை பூட்டினால் நீ வேறை கடை கீறுவாய். நான் திரும்பிப் போய் ஆற்றை யன்னலுக்குப் பின்னாலை நிக்கிறது? இந்த வயதிலை என்னை ஆர் எடுப்பினம்?"

வீட்டில் அம்மாவும் விடவில்லை. "அந்தாள் வேலையையும் விட்டிட்டு நிக்குது. உன்ரை கெட்டித்தனத்தைக் காட்ட வேறை இடம் கிடைக்கேல்லையோ?"

கணினியைத் திறந்தேன். வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள். கீறினேன். அந்த இரண்டு கோட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன். கடை அவருடையது, வாழ்க்கை அவருடையது, தடுக்க எனக்கு உரிமை இல்லை, இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் கை என்னுடையது. வேறு யாராவது கீறட்டும், ஆளைக்கூட நானே பிடித்துக் கொடுக்கிறேன், நான் கீற மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை ஆசீர்வாதம் முடிந்த பிறகு இதை அவரிடம் சொல்வதாக இருந்தேன்.

6

ஆசீர்வாதத்துக்குக் கத்தோலிக்கக் கோயில் சாமியாரிடம் முன்னமே நாள் குறித்தாகிவிட்டது. கடை பாதியில் நின்றாலும் சாமியார் வருவது நிற்காது. சொந்தக்காரர், பாசையூர் ஆட்கள், கோயில் ஆட்கள் என்று பிளாசா நிறையக் கார். நான் உயர்த்திய நிலத்தைக் கண்டதும் ஒருத்தரும் சொல்லாமலே எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். வாசலில் சப்பாத்துக் குவியல். பீட்சாக் கடைப் பெடியன் வந்து, இங்கே புதுக் கோயில் திறக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான் ஒற்றைப் பூங்கிளைக்காகச் செய்த மாடத்தில் ஜெசி அன்ரி மாதாவை வைத்திருந்தா. மாதாவைச் சுற்றி மின்னி மின்னி எரிகிற விளக்குச் சரம்.

"அன்ரி, அது ஒரு பூ வைக்கிற இடம்."

"பூ இருக்கிற இடத்திலை மாதா இருந்தால் என்ன குறைஞ்சு போகும்?"

மாதாவுக்கு எதிராக நான் என்ன சொல்வது? விளக்குச் சரத்தின் வயரை மட்டும் கழற்றிவிட்டேன். அன்ரி கொழுவினா. நான் கழற்றினேன். அன்றைக்கு முழுக்க இது ஒரு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

சாமியார் கவுண்டருக்குத் தீர்த்தம் தெளித்தார், அடுப்புக்குத் தெளித்தார், இன்னும் சுவராகாத அந்தச் சட்டங்களுக்கும் தெளித்தார். என் பக்கம் இருக்க வேண்டிய ஆள் இப்படிச் செய்துவிட்டாரே என்று எனக்கு மனசு சுருங்கியது.

பிறகு சாப்பாடு. அங்கிள் வீட்டிலிருந்து பெரிய மீன் ஒன்றைக் கொண்டுவந்து, சட்டங்களுக்குப் பின்னால் நின்று பலகையில் போட்டார். மேசைகளில் தட்டு, நாப்கின் எல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். மேசையில் ஒருவரும் இல்லை. எங்கள் ஆட்களின் பழக்கம் தெரியும்தானே. எந்த வீட்டுப் பார்ட்டியிலும் ஹோலில் நல்ல சோபா கிடக்கும், சனமெல்லாம் குசினிக்குள் நிற்கும். அன்றைக்கும் அத்தனை பேரும் கவுண்டருக்கும் உள்ளே புகுந்து நெருக்கியடித்து நின்றுகொண்டு, சட்டங்களுக்கு நடுவால் கையை நீட்டினார்கள்.

அங்கிளின் ஊர்க் கூட்டாளி செபமாலை அங்கிள் இரண்டு சட்டத்துக்கு நடுவில் முகத்தையே நுழைத்துவிட்டார். "டேய் அன்ரன், தலையை எறிஞ்சு போடாதை. அதை நான் கொண்டு போறன்."

"உனக்கேன்ரா தலை? ஏற்கெனவே ஒண்டு பாவிக்காமல் புதுசாக் கிடக்குதெல்லே."

கடையே அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இது யார்? எங்கள் வீட்டு மேசையில் வாக்குமூலம் கொடுத்த மனிதரா?

"மச்சாள், உங்களுக்குப் பச்சை மீன் ஒத்துவராது, தெரியும். அங்காலை பொரியுது. பொறுங்கோ. டேய், அவனுக்குக் குடுக்காதை, அவன் காலமையே மூண்டு பாண் திண்டவன்." கத்தி தன் பாட்டுக்குப் போனது. கண் பலகையில் இல்லை, முகங்களில் இருந்தது. யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எது ஆகாது, யார் யாரோடு கதைப்பதில்லை, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். கொத்துக்காரரேதான். தகட்டுச் சத்தம் மட்டும் இல்லை.

அப்போது செபமாலை அங்கிளின் மனைவி தட்டை வாங்கிக்கொண்டே சொன்னா: "என்ன இது, மறியல்லை கம்பிக்குப் பின்னாலை இருக்கிற ஆளைப் பாக்க வந்த மாதிரிக் கிடக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே நின்றபடி ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தார். அவர் எப்படி, எதற்காக நாட்டைவிட்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

ஷெரின் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றாள். எடுத்ததை ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், சட்டங்களுக்கு நடுவால் ஃபோனை நீட்டினாள்.

"அப்பா, லுக். நீங்கள் இப்பிடிக் கதைப்பியள் எண்டு எனக்குத் தெரியாது."

அவர் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"பட் உந்தக் கம்பி," என்றாள் அவள். "எல்லா ஷொட்டையும் கெடுக்குது. உங்கடை முகம் பாதிதான் வருது."

நான் வாயைத் திறந்தால் ஏதாவது விரிவுரை வந்துவிடும் என்று தெரியும், அதனால் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அதிசயம் அது.

அங்கிள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த ஸ்குரூ மிசின் எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

சாமியார் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. செபமாலை அங்கிள் பிடித்தார், நான் பிடித்தேன், நல்ல சாறி உடுத்த ஒரு அன்ரியும் பிடித்தா. மூலையில் கடைசிச் சட்டத்துக்கு வந்ததும் அங்கிள் மிசினை நிற்பாட்டினார்.

"உது நிக்கட்டும்."

"ஏன் அங்கிள்?"

"சாயிறதுக்கு. எனக்கும் ஏதாவது வேணும்தானே."

ஒற்றைச் சட்டம் சுவராகாது என்று இன்ஸ்பெக்டரும் ஒத்துக்கொண்டா. அதை மரத்தால் மூடிவிட்டேன். இப்போது வருகிறவர்கள் அந்தத் தூணைத் தடவிப் பார்த்து, ஜப்பானில் இதற்கு என்ன தாற்பரியம் என்று கேட்கிறார்களாம். அங்கிள் முகத்தை மாற்றாமல், மிகப் பழைய வழக்கம் என்று சொல்லுகிறாராம்.

7

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுதினால் பொய். கடை திறந்த முதல் கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து கவுண்டரில் இருந்தது. அங்கிளைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செஃப் இன்றைக்கு இல்லையா என்று அந்த மனுசி கேட்டிருக்கிறா. நான்தான் செஃப் என்றிருக்கிறார் அங்கிள். மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்லாவில் நின்ற ஷெரின் அழுதபடி எனக்கு ஃபோன் எடுத்தாள். "நான் சொன்னன்தானே அக்கா. ஐ ரோல்ட் யூ."

சொன்னாள்தான். அங்கிள் பயந்தது நடந்துவிட்டது, அதற்கு அவரைத் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. சுவரைக் கீறித் தா என்று இனி அவர் கேட்பார், கேட்டால் இந்தமுறை நான் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து அடுத்தநாள் ஒரு பல் வைத்தியசாலைக்குக் கதவு வைக்க மறந்துபோனேன். மத்தியானம் ஃபோன் அடித்தது. அங்கிள்.

"பிள்ளை, வேலையோ?"

"இல்லை அங்கிள், சொல்லுங்கோ."

"அந்த லைற்."

"எந்த லைற்?"

"பலகைக்கு மேலை நீ போட்டது. மீனிலை விழுது. கையிலை விழுது. என்ரை முகத்திலை விழுதில்லை. கொஞ்சம் முன்னுக்கு இழுக்கேலுமோ?"

படித்த புத்தி விடாமல், "ஜப்பானிலை அப்பிடிப் போடுறேல்லை அங்கிள்," என்றேன்.

"இது மில்லிக்கன் பிள்ளை. நேற்று வந்த ரெண்டு பேரும் என்னை வடிவாப் பாக்காமல் எழும்பிப் போட்டினம். இனி வாறவை வடிவாப் பாத்திட்டுப் போகட்டும். இருக்கிறவை இருக்கட்டும்."

வேலை முடிந்ததும் ஏணியோடு போனேன். விளக்கை முன்னுக்கு இழுத்தேன். அவர் பலகைக்குப் பின்னால் நின்று, "இன்னும், இன்னும் கொஞ்சம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் கையில் இருந்து கழுத்துக்கு ஏறி, தாடைக்கு ஏறி, நெற்றிவரை வந்த பிறகுதான், "இவ்வளவு காணும், இறங்கு," என்றார். ஷெரின் எதிர்க் கதிரையில் வந்து இருந்துகொண்டு, கண்ணுக்கு நேரே அப்பாவைப் பார்த்தாள். தனக்கு என்ன வேண்டும் என்று தமிழில் சொன்னாள், அதுவும் பிழை பிழையாக, கடைக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக.

ஒரு வருடமாகிவிட்டது. இன்றும் சிலர் வாசல் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். போகட்டும், அவர்களுக்காக நான் இனி ஒரு கோடும் கீறப்போவதில்லை. பலகைக்கு முன்னால் இருக்கிற கதிரைகளில் வெள்ளி, சனிக்கு இடம் பிடிப்பது கஷ்டம்.

சிநேகிதி, நான் போட்ட படத்தைத் திரும்பவும் பார். தூணில் சாய்ந்துகொண்டு, கையில் கத்தியோடு, வாயைத் திறந்து யாருக்கோ பகிடி விட்டுக்கொண்டு நிற்கிறாரே ஒரு மனிதர், அவர் முகத்தில் விழுகிற வெளிச்சத்தைப் பார். எங்கள் ஆட்களுக்கு என்ன செய்தாய் என்று கேட்டாய். அதைத்தான் செய்தேன்.